ஒன்பதாவது ஆள்

யாராவது பேசிக்கொண்டிருந்தால் நான் குறுக்கே பேசுவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் குணத்துக்காகவே இந்த வேலை கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

என் வேலை இதுதான், சார். ஒரு செயலியை வெளியே விடுவதற்கு முன் சாதாரண ஆட்களின் கையில் கொடுப்பேன். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். உதவி மட்டும் செய்யக் கூடாது. எதை அழுத்துவது என்று கேட்டால், நீங்கள் எதென்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நாம் சொல்லிக்கொடுத்தால் சோதனை பாழ்.

இந்தச் செயலி வீட்டில் தனியாக இருக்கும் நோயாளிகளுக்கானது. மூச்சு முட்டினால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும். அதை வடிவமைத்தவன் என் தங்கை புருஷன். திரையின் அழகு கெட்டுவிடும் என்று பொத்தானை மூலையில் மூன்று கோடுகளாகத் தெரியும் மெனுவுக்குள் ஒளித்துவைத்தான். எட்டுப் பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஏழு பேருக்கு அகப்படவில்லை. அறிக்கையைக் கொண்டுபோனால், மேலதிகாரிகள் முன்னாலேயே சிரிக்கிறான்.

"மச்சான் தெருவுல போற மக்குங்களாப் பொறுக்கிட்டு வந்திருக்காரு. எங்கப்பாகிட்ட குடுத்துப் பாருங்க, அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு."

அறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால், அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

அவன் அப்பா தையல்காரராக இருந்தவர். ஆஸ்துமாக்காரர். பகலில் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை போனேன். டீ போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

மூச்சு முட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நடத்தும் சோதனையில் சாரமில்லை. அதனால், தங்கை கேட்டதாக ஒரு சாக்குச் சொல்லி, பரண்மேல் கிடந்த பழைய மெத்தையை இறக்கி அவர் அறையிலேயே தட்டினேன். தூசி நன்றாகவே கிளம்பியது. கட்டிலருகே இன்ஹேலர் இருந்தது. அது இருந்தால் செயலியைத் தொடவே மாட்டார். எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

இழுப்பு வந்ததும் போனைக் கையில் கொடுத்தேன். கடிகாரப் படத்தை அழுத்தினார். பிறகு தன் பெயரை அழுத்தினார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"எங்க தம்பி இருக்கு அது?"

"எங்க இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க, மாமா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, திரையிலேயே தேடினார். நான்காவது நிமிடம் கட்டைவிரல் அந்த மூன்று கோடுகளின் மேல் பட்டது. பட்டியல் திறந்தது. சிவப்புப் பொத்தான் கண்ணெதிரே இருந்தது, விரலும் அதை நோக்கித்தான் போயிற்று.

நான் போனை வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான் ஆயிற்று.

நோயில் போய்விட்டார் என்றுதான் எல்லாரும் அழுதார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒன்பதாவது ஆளையும் சேர்த்து அறிக்கையை மறுபடி கொடுத்தேன். அந்த வாரமே பொத்தான் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனை உயிர் பிழைக்கும், நீங்களே சொல்லுங்கள். அறிக்கையில் ஒன்பதாவது ஆளின் வயதையும் தேதியையும் படித்துத்தான் மாப்பிள்ளை உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்திருக்கிறான்.

ஒன்பதாவது ஆள் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் நான் பொய்யாக எழுதிய ஒரே வரி அது, சார். அதற்கு மட்டும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.