தக்காளி ஆலைத் திடலில் நாலாயிரம் பேர் தோற்ற கதை

தக்காளிப் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய இந்த எழில்மிகு மேடைக்குத் தலைமையேற்று, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருக்கும் பூங்காக் குழுத் தலைவி ஒஃபீலியா கின்டேரோ அம்மையார் அவர்களே! கலிபோர்னிய வெயிலுக்கு அஞ்சாமல் வந்து, நிழலுள்ள நாற்காலிக்காக அடித்துக்கொண்ட பெரியோர்களே! பிள்ளைகளைக் காரில் ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றியே இளமையைக் கழித்த தாய்மார்களே! போன தேர்தலில் பூங்கா வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு, பூங்காக் குழுவின் இலவச ஹாட்டாக் ரொட்டி மட்டும் வேண்டும் என்று வந்திருக்கும் அருமை நண்பர் கிளைடு பிராம்லெட் அவர்களே! டாசன் வெல்ஸ் நகரத்தின் தெருத்தெருவாக முப்பத்தொரு ஆண்டுகள் தபால் சுமந்த டெல்பெர்ட் அவிலாவின் பணிவான வணக்கம்.

என்ன தலைவி அவர்களே? "ரெண்டு நிமிஷந்தான் டெல்பெர்ட்" என்கிறீர்களா? வணக்கத்துக்கே அது போய்விட்டதே, அம்மா!

நம் ஊரில் பூங்காவே இல்லை என்று பழி பேசுகிறார்கள். யார் சொன்னது இல்லையென்று? வங்கிக்குப் பின்னால் ஒன்று இருக்கிறதே! அதில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அந்தப் பெஞ்சில் அமர்ந்தால் கண்குளிரக் கார் நிறுத்துமிடம் தெரிகிறது. பந்து ஆடாதே, சைக்கிள் விடாதே, நாயைக் கொண்டுவராதே, புல்லை மிதிக்காதே என்று ஒரு பலகையும் இருக்கிறது. மிதிக்காதே என்ற அந்தப் புல்லைத்தான் நான் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம் நட்டாலியா தவாரெஸ் பயிற்சி தரும் பெண்கள் சாஃப்ட்பால் அணி எங்கே ஆடுகிறது தெரியுமா? மளிகைக் கடையின் கார் நிறுத்துமிடத்தில்! ஆடுபவர் ஓடித் தொட வேண்டிய மூன்றாவது தளம் எது? தள்ளுவண்டிகளை நிறுத்தும் கம்பிக் கூண்டு! சென்ற மாதம் ஒரு பெண் அடித்த அடியில் பந்து பறந்து போய் ஒரு காரின் முன்கண்ணாடியைப் பிளந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் குழந்தைக்குக் கோப்பை தந்திருக்க வேண்டும். தந்தது என்ன? கடைக்காரரின் கடிதம்!

இதற்குத்தானே பூங்காக் கடன்பத்திரம் கேட்டோம்? நகரம் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். நீங்கள் நிற்கும் இந்தப் பழைய தக்காளி ஆலைத் திடலை வாங்கும். கடனை நம் வீட்டு வரியிலிருந்து மெல்ல அடைக்கும். வீட்டுக்கு ஆண்டுக்கு நாற்பத்தாறு டாலர்! கேட்டதும் கிளைடு துடித்துப்போனார். "நாப்பத்தாறு டாலரா? என்னை ஒரேயடியா வித்துடுங்கய்யா!" என்றார். அவர் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம். அதில் நீந்துவது அவரும் ஒரு ரப்பர் வாத்தும். அவருக்கு எதற்குப் பூங்கா?

முறைக்காதீர்கள் கிளைடு. சாப்பிடுங்கள். கடுகுச் சாந்து வேண்டுமா?

வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் நாலாயிரம் பேர். இல்லை என்றவர்கள் இரண்டாயிரத்து ஒருவர். வென்றது யார்? இரண்டாயிரத்து ஒருவர்! வரி கூடும் வாக்கென்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம் நமக்கு. இன்னும் இரண்டே இரண்டு ஆம் வந்திருந்தால் மிகச் சரியாக எட்டியிருக்கும். இரண்டு வாக்கு, ஐயா! இரண்டே வாக்கு!

திடலின் சொந்தக்காரி ஹில்டா சோரன்சன் அம்மையார் அதோ அமர்ந்திருக்கிறார். நமக்காக இன்னும் ஓர் ஆண்டு பொறுத்தார். நேற்று என்னிடம் சொன்னார்: "இந்த வருஷத்தோட சரி, டெல்பெர்ட். இதுல பங்கு இருக்கற என் தம்பிங்க இனிமே பொறுக்க மாட்டாங்க." அப்புறம் இந்த மண்ணில் வாடகைக் கிடங்குகள் வரும். நாம் ஏறாத உடற்பயிற்சி இயந்திரத்துக்கும் உட்காராத சோபாவுக்கும் குளிரூட்டிய அறை கிடைக்கும். நம் பெண் பிள்ளைகளுக்குத் தள்ளுவண்டிக் கூண்டு!

அந்த இரண்டு வாக்கையும் போடாத புண்ணியவான் யார்? வடக்குத் தெருக்காரர்கள் சோம்பேறிகள் என்றேன். இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்றேன். முடிதிருத்தும் கடையில் சொன்னேன், தேவாலய வாசலில் சொன்னேன், பத்து மாதம் வாய் ஓயாமல் சொன்னேன்.

இப்போது கேளுங்கள். எங்கள் சமையலறை மேசை. வீட்டிலிருந்தே குறித்து அனுப்பத் தபாலில் வந்த இரண்டு வாக்குச் சீட்டுகள். இரண்டிலும் ஆம். மடித்து உறையில் போட்டு நானே ஒட்டினேன். என் மனைவி மார்லின் கேட்டாள்: "டெல்பெர்ட், உறைக்குப் பின்னாடி கையெழுத்து போட வேணாமா?" இந்த மேதை சொன்ன பதில் என்ன? "அதான் பேரு அச்சாகியிருக்கே! முப்பத்தொரு வருஷம் உறை சுமந்தவனுக்கே உறையைப் பத்திச் சொல்றியா?"

கையெழுத்து இல்லாத உறையைத் தேர்தல் அலுவலகம் பிரிக்காது. ஆனால் கருணை உள்ளவர்கள். கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று இருவருக்கும் கடிதம் போட்டார்கள். வந்தது. தபால் பெட்டியிலிருந்து நானேதான் எடுத்தேன். பார்த்த மாத்திரத்தில் இது விளம்பரக் காகிதம் என்று கண்டுகொண்டேன். முப்பத்தொரு வருட அனுபவம் அல்லவா! நின்ற இடத்திலேயே நீலக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கிளைடு அச்சடித்த "வரி வேண்டாம்" துண்டறிக்கைக்கு மேலேயே போட்டேன்.

சனவரியில் மார்லின் தேர்தல் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "இதை நீயா சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். பத்து மாதம் எதிரே உட்கார்ந்து சோறு தின்றேன், ஐயா.

யார் அது? நட்டாலியாவா? "அடப்பாவி டெல்பெர்ட்! எம் பொண்ணுங்க தோத்தது உன்னாலயா?" ஆமாம் அம்மா. என்னால்தான். கிளைடால் இல்லை, வடக்குத் தெருவால் இல்லை. கிளைடு, சிரியுங்கள், பத்து மாதம் உங்களுக்குச் சேர வேண்டிய சிரிப்பு அது. நட்டாலியா, உன் பெண்களிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன். கார் நிறுத்துமிடத்துக்கே வருகிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே வாக்கு. இதோ என் உறை. இதோ மார்லின் மேடையேறி வருகிறாள், பேனாவோடு. என்ன மார்லின்? "பேசினது போதும், முதல்ல போடு." போடுகிறேன். எல்லோரும் பாருங்கள்: டெ-ல்-பெ-ர்-ட் அ-வி-லா. இனி இவள் முறை. போட்டுவிட்டாள். என்னுடையதையும் திருப்பிப் பார்க்கிறாள். பார்க்கட்டும், அவளுக்கு உரிமை உண்டு.

பொறுத்த தலைவிக்கும், பொறுமை இழந்த நட்டாலியாவுக்கும், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் கிளைடுக்கும், உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். உறை கொண்டுவந்தவர்கள் மார்லினிடம் பின்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். ஹாட்டாக் அதற்குப் பிறகுதான்.