டெஸ்மண்ட் குடுத்த வாக்கு

கிளிஃபர்ட்: கதவைத் தொறடா டெஸ்மண்ட்! மழையில நிக்கிறேன்.

டெஸ்மண்ட்: கத்தாதடா. பக்கத்துத் தோட்டத்துக்காரன் காதுல விழப்போவுது. உள்ள வா. அந்தப் பலகை மேல உக்காரு.

கிளிஃபர்ட்: உன்னைத் தேடிப் பர்ன்லி ஊர் பூரா சுத்திட்டேன். கிளப்புக்கு வர்றதில்ல. வீட்டுல மணியடிச்சா யாரோ ஒரு பொண்ணு வந்து முழிக்குது...

டெஸ்மண்ட்: அது... வாடகைக்கு விட்டிருக்கேன்.

கிளிஃபர்ட்: வாடகை வேறயா! உனக்கென்னப்பா, எங்க தலைல மொளகா அரைச்சு சம்பாதிச்சவன்.

டெஸ்மண்ட்: டீ குடிக்கிறியா? பால் தீந்துபோச்சு.

கிளிஃபர்ட்: அந்தக் கஷாயத்தை நீயே குடி. ஆமா, தோட்டக் கொட்டகையில சவரக் கத்தி எதுக்குடா? முட்டைக்கோசுக்கு மழிச்சு விடவா?

டெஸ்மண்ட்: வந்த விஷயத்தைச் சொல்லு.

கிளிஃபர்ட்: வீட்டுக் கடனை அடைக்கன்னு நீ எனக்கு வித்தியே, அந்தப் பாலிசி முதிர்ந்துடுச்சு.

டெஸ்மண்ட்: சரி...

கிளிஃபர்ட்: என்ன சரி? இருபது வருஷம் கட்டினேன்டா. வீட்டுக் கடன்ல மூணுல ஒரு பங்கு துண்டு விழுது. மீதியைக் கட்டு, இல்லன்னா வீட்டை வித்துடுவோம்ங்கிறான் பாங்க்காரன்.

டெஸ்மண்ட்: புகார் குடு. இப்ப எல்லாரும்...

கிளிஃபர்ட்: குடுத்துட்டேன். பங்குச் சந்தை விழுந்தா பணம் குறையும்னு தெரிஞ்சேதான வாங்கினீங்கன்னு கம்பெனி தள்ளிடுச்சு. இப்ப அதுக்கும் மேல, புகார் விசாரிக்கிற அதிகாரிகிட்ட போயிருக்கேன். நீ வந்து சாட்சி சொல்லணும்.

டெஸ்மண்ட்: நானா? என்னன்னு?

கிளிஃபர்ட்: சொன்னதைச் சொல்லு. எங்க சமையலறையில உக்காந்து, என் பொண்டாட்டி நோரீன் சுட்ட ஆப்பிள் பை ரெண்டு துண்டு முழுங்கிட்டு, என்னடா சொன்ன? கடனும் அடையும், மோர்கம்ப் கடலோரமா லீவுக்குத் தங்க ஒரு கேரவன் வண்டி வாங்கவும் மிஞ்சும்னு சொன்னியா இல்லியா?

டெஸ்மண்ட்: சொன்னேன்.

கிளிஃபர்ட்: குறையும்னு ஒரு வார்த்தை?

டெஸ்மண்ட்: சொல்லல. அப்படித்தான் பேசணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்தாங்க. நானும் நம்பித்தான்...

கிளிஃபர்ட்: நம்பினியாம்! கமிஷனை எண்ணினப்போ நல்லாத்தான் நம்பியிருப்ப.

டெஸ்மண்ட்: திட்டிக்க. நோரீன் என்ன சொல்றா?

கிளிஃபர்ட்: ...அவளுக்குத் தெரியாது.

டெஸ்மண்ட்: என்னது!

கிளிஃபர்ட்: பணம் கைக்கு வர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே, வீடு நம்முதாயிடுச்சுன்னு கிளப்புல அத்தனை பேருக்கும் பீர் வாங்கிக் குடுத்தேன்டா. நோரீன் மேசை மேல ஏறி ஆடினா. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்ல? மாடிப்படிக்கு என்ன நிறத்துல கார்ப்பெட் போடலாம்னு தினமும் கேக்குறா. பச்சைங்கிறேன்.

டெஸ்மண்ட்: இன்னிக்கே சொல்லிடுடா. ஒளிச்சு வெச்சா அதை மட்டும் மன்னிக்கவே மாட்டாங்க. பெரில்கூட...

கிளிஃபர்ட்: உன் பொண்டாட்டிக்கு என்ன?

டெஸ்மண்ட்: ஒண்ணுமில்ல. அக்கா வீட்டுக்குப் போயிருக்கா.

கிளிஃபர்ட்: பேச்சை மாத்தாத. சாட்சி சொல்வியா, மாட்டியா? எனக்கு வேற வழியில்லடா... அறுபத்திரெண்டு வயசுல நோரீனைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?

டெஸ்மண்ட்: சொல்றேன். தப்பு என்னுதுதான்னு சொல்றேன்.

கிளிஃபர்ட்: சத்தியமா?

டெஸ்மண்ட்: சத்தியமா.

கிளிஃபர்ட்: விசாரிக்கிறவர் நேர்ல வருவாராம். விலாசம் குடு. அந்த வாடகை வீட்டுது வேணாம். இப்ப இருக்கிற இடம்.

டெஸ்மண்ட்: ...அதை வாடகைக்கு விடலடா. பாங்க்காரன் புடுங்கிக்கிட்டான். நானும் அதே பாலிசிதான் போட்டிருந்தேன்.

கிளிஃபர்ட்: நீயா? அப்ப நீயும் புகார் குடுக்க வேண்டியதுதான!

டெஸ்மண்ட்: குடுத்தேன். உங்களுக்கு வித்த ஏஜென்ட் யாருன்னு போன்ல கேட்டா ஒருத்தி. என் பேரைச் சொன்னேன். சிரிச்சிட்டா.

கிளிஃபர்ட்: டேய்... அப்ப எங்கடா தூங்குற?

டெஸ்மண்ட்: நீ உக்காந்திருக்கியே, அந்தப் பலகையிலதான். விலாசம் எழுதிக்க... பதினேழாம் நம்பர் தோட்டம். காய்கறி போட மட்டும்தான் நகராட்சிக்காரன் இந்த இடத்தைக் குடுத்திருக்கான், ராத்திரி இங்க படுக்கறது தெரிஞ்சா இதையும் பூட்டிடுவான். பரவால்ல, எழுது.