தேர்வு வாசலில் ஓர் அரிசி உருண்டை

பசையரிசி உருண்டை எனக்கு நன்றாக வரும். உள்ளே சிவப்புப் பயறு விழுது வைத்து, மேலே மாவு தூவுவேன். இங்கே சியோலில் கல்லூரி நுழைவுத்தேர்வு அன்று பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுப்போம். ஒட்டுகிற பண்டம் தின்றால் நல்ல கல்லூரியில் ஒட்டிக்கொள்வார்களாம். பெரியவர்கள் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், மறுக்கக் கூடாது. யூன்சேயும் அப்படித்தான் வாங்கினாள்.

நான் பியோ மியோங்ஜா, அவள் பள்ளியின் சுகாதார ஆசிரியை. ஊக்க மருந்து இதயத்தை எப்படி விரட்டும், தூக்க மருந்து மூச்சை எப்படி அடக்கும் என்று நடத்துவேன். தேர்வில் வராத பாடம். பிள்ளைகள் மேசையில் கவிழ்ந்து தூங்குவார்கள். முதலில் கவிழ்பவள் யூன்சே. ராத்திரி முழித்துப் படிக்க அவள் அம்மாவே மாத்திரை கொடுப்பது பள்ளிக்கே தெரியும்.

"இது பரீட்சைல வருமா டீச்சர்?" என்றாள் ஒருநாள், தலையைத் தூக்காமலே. வகுப்பு சிரித்தது.

அம்மாக்காரியை வரச் சொன்னேன். "டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே? நீங்க முட்டிக்கு மருந்து போடுறதோட நிறுத்திக்கங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஆறவில்லை. இத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தியது சுவருக்குத்தானா?

ஒரே ஓர் உருண்டையில் தூக்க மாத்திரையைப் பொடித்துச் சேர்த்தேன். மதியத் தேர்வில் தூங்கிப்போவாள், ஒரு வருடம் வீணாகும், புத்தி வரும். அவ்வளவுதான் என் கணக்கு.

தேர்வு மைய வாசலில் சின்ன வகுப்புப் பிள்ளைகள், தேர்வெழுத வந்தவர்களை உற்சாகப்படுத்த மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "மதியம் சாப்பாட்டோட சாப்பிடு" என்றேன்.

"சரிங்க டீச்சர். படபடப்பு அடங்க அம்மா ஒரு மாத்திரை வெச்சிருக்காங்க, அதையும் அப்பதான் போடணும்" என்று சிரித்தாள்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த வாசலில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திரும்ப வாங்கியிருக்கலாம். கொடுத்ததைப் பறித்தால் பிள்ளையின் மனசு உடைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லா எழுது" என்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆங்கிலத் தேர்வு. அதைக் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் இந்த நாட்டில் விமானம்கூட இறங்காது. அப்படி ஓர் அமைதி. கவிழ்ந்து கிடந்தவளை மேற்பார்வையாளர் எழுப்பவில்லை. சத்தம் கேட்டால் மற்ற பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். விடைத்தாள் வாங்கப் போனபோதுதான் மூச்சு நின்றிருந்தது தெரிந்தது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பாடத்தில் எல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பாடம் நடத்திய அன்றைக்கு ஒருநாளாவது அவள் தூங்காமல் கேட்டிருக்கலாம்.