தாமதமாக உயர்ந்த பூங்கொத்து

— 'மே 2. கட்சி மாநாட்டுக்கான இன்றைய சதுக்க ஒத்திகையில், எல்லோரும் பூங்கொத்தை உயர்த்திய பிறகே நான் உயர்த்தினேன். என் கவனக்குறைவே காரணம்.' இவ்வளவுதான் எழுதியிருக்கேன் குமோக் அக்கா. பத்தாதோன்னு தோணுது.

— தாராளமாப் போதும்டி சோல்மி. வாராவாரம் குத்தத்தை ஒத்துக்கற கூட்டந்தானே. நீ இதைப் படி. நான் எழுந்து, 'ஆமா, தோழர் சோல்மி தூங்கி வழியறாங்க'ன்னு ஒரு குட்டு வைக்கிறேன். அப்புறம் நான் மில்லுக்கு லேட்டா வந்ததை நீ சொல்லு. எப்பவும்போல ஆளுக்கொண்ணு.

— இந்த வாரம் குட்டு போதாதுக்கா. என்னை நாறடிக்கணும்.

— என்னது? போன வாரம் 'மெல்லமா சொல்லுக்கா'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினவதானே நீ?

— சதுக்க வரிசையிலேருந்து தூக்கிட்டா, மாநாடு முடியற வரைக்கும் தலைநகர்ல இருக்க விடமாட்டாங்க. சாரிவோனுக்கு, எங்க ஊருக்கே, ரயில் ஏத்திடுவாங்க.

— ஓகோ. யோங்ராக்கைப் பார்க்கவா?

— எட்டாம் தேதி சைபீரியாவுக்கு மரம் வெட்டப் போறார். மூணு வருஷம். மாநாடு முடியாம யாரும் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னுட்டாங்க. போறதுக்குள்ள முகத்தையாவது பார்த்துடறேனே.

— முப்பத்தாறு வருஷமா நடக்காத கட்சி மாநாடு, சரியா உன் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நிக்குது பாரு!

— மெல்லக்கா! சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு.

— பேரு கெட்டுடும்டி. மில்லுல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. வரிசையில உன் பக்கத்துல நிக்கறவ நான், எனக்கும் ரெண்டு விழும்.

— தெரியும். தப்பான யோசனையாவே இருக்கட்டும். செய்வியா?

— செஞ்சு தொலைக்கிறேன். ஆனா நீ பொய்யா அழ ஆரம்பிச்சா எனக்குச் சிரிப்பு வந்துடும், சொல்லிட்டேன்.

*

— பாவி அக்கா! கூட்டத்துல என்னமா போட்டுத் தாக்கினே! 'இவங்க உடம்புதான் சதுக்கத்துல நிக்குது, மனசு வேற எங்கேயோ இருக்கு'ன்னியே, அப்ப நிஜமாவே உடைஞ்சுட்டேன்.

— நீ அழுததைப் பார்த்து கூட்டமே மூக்கை உறிஞ்சுச்சு. சிரிப்பாவது ஒண்ணாவது, நானும் சேர்ந்து அழுதேன். பையைக் கட்டிட்டியா?

— ரெண்டு துணி, அவருக்குக் கம்பளிக் கையுறை. அவ்வளவுதான்.

— உஷ், வரிசைத் தலைவர் வர்றார். மூஞ்சியைத் தொங்கப்போடு.

— தோழர் சோல்மி!

— சொல்லுங்க தோழர் பியோன். என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்.

— தண்டனையா? ஒரு பூங்கொத்து தாமதமானதுக்கு இப்படி உருகி அழுத ஆளை நான் பார்த்ததே இல்லை. மேலிடத்துல சொன்னேன், அசந்துட்டாங்க. மாநாடு முடியற வரைக்கும் உங்களை முன்வரிசைக்கு மாத்தியாச்சு, டிவி கேமராவுக்கு நேரா. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குச் சதுக்கத்துல இருங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்குங்க. கேமராக்காரர் கையைக் காட்டினதும், இன்னைக்கு அழுத மாதிரியே அழணும்.