சுவரைச் சுற்றி ஓடிய அரசி

அவைக்குத் தலைமை ஏற்று, எங்கள் நேரத்தை அளக்கும் மணியையும் கையில் ஏந்தியிருக்கும் நூலகர் ஐயா அவர்களே! கோட்டை வரைந்த கையால் கோட்டையை நாவலாக்கித் தந்த கட்டடக் கலைஞர் அம்மா அவர்களே! அவர் எழுதும்போது அடுப்பையும் அமைதியையும் காத்த அவருடைய கணவர் அவர்களே! ஆன்றோரே, சான்றோரே! வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் என் கொத்தனார் தோழர்களே! முதல் வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் மகளே! அனைவருக்கும் இந்த மேஸ்திரியின் வணக்கம்.

எனக்குச் சுவர் எழுப்பத்தான் தெரியும், சொல் எழுப்பத் தெரியாது. சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசி 'மைக் மேஸ்திரி' என்று பெயர் வாங்கியவன் அடக்கம் பேசினால் சிரிப்பு வராதா?

சபையோரே! அரண்மனையை எழுதியவர்கள் ஆயிரம் பேர். அந்தப்புரத்தை எழுதியவர்கள் ஆயிரம் பேர். ஆனால், ஓர் அரசியை ஓடவிடும் முன்னால் அவள் ஓடும் பாதையை அடி அடியாக அளந்து பார்த்தவரை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன். கண்டவன் மட்டுமல்ல, அந்த அரசியாக ஓடியவனும் நான்தான்!

மீசை வைத்த அரசியா என்கிறார் அங்கே ஒருவர். பொறுங்கள், வருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அம்மா ஒரு மருத்துவமனைக்கு வரைபடம் போட்டார். கட்டியவன் நான். வாசலில் நீரூற்று. அதன் அருகே ஆம்புலன்ஸ் வந்து நிற்பது கண்ணை உறுத்துகிறதாம் உரிமையாளருக்கு. நடுவே ஒரு சுவர் கேட்டார். அம்மா ஒரு கோடு போட்டார். நான் நான்கே நாளில் எழுப்பினேன். பூச்சு, கை வைத்தால் வழுக்கும்!

இரண்டே மாதம். ஒரு மத்தியானம், அப்போது ஏழு வயதான என் மகளுக்கு மூச்சு முட்டியது. தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குள் ஓடினேன். அவசரப் பிரிவின் சிவப்புப் பலகை கண்ணுக்குத் தெரிகிறது. நடுவே சுவர். யார் கட்டிய சுவர்? நான் கட்டிய சுவர்! நீரூற்றைச் சுற்றி, வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றி, முன்கூடம் கடந்து ஓடினேன். மருத்துவர் மூச்சுக்குழாயைப் பொருத்திவிட்டு, "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்றார்.

போதும் அப்பா என்று சைகை காட்டுகிறாள் மகள். கொஞ்சம் இரும்மா.

மறுநாள் அம்மா வந்தார். என்ன செய்தார் தெரியுமா? ஒரு சாக்கில் மணலை நிரப்பச் சொன்னார். என் மகளின் எடைக்கு! அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு, நான் ஓடிய பாதையில் ஓடினார். வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று சொன்னார்: "மேஸ்திரி, சுத்தி ஓட ஒரு நிமிஷம் பத்து செகண்ட் ஆகுது. சுவர் இல்லேன்னா பதினெட்டு செகண்டுதான். அந்தக் கோட்டைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? ஒரே செகண்ட்."

சுவரை இடிக்கச் சொன்னார். "அழகா இருக்கே, எதுக்கு இடிக்கணும்?" என்றார் உரிமையாளர். அம்மா விடவில்லை. மனு மேல் மனு, படி மேல் படி, ஏழு மாதம்! சுவர் விழுந்தது. கடப்பாரை போட்டவன் நானே. ஆனால் அம்மாவின் தொழிலும் கூடவே விழுந்தது. 'அந்தம்மாவைக் கூப்பிட்டா கட்டினதையே இடிக்கச் சொல்லும்' என்று பயந்து ஒருவரும் வரவில்லை. வரைபட மேசை காலியானது. அந்த மேசையில்தான் ஐயா, இந்த நாவல் பிறந்தது!

நாவலில், அரசியின் தம்பிக்கு மரண தண்டனை. நூறாவது முரசுக்குத் தலை விழும். கடைசி நேரத்தில் மனம் மாறிய மன்னன் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தருகிறான். அதை எடுத்துக்கொண்டு அரசி ஓடுகிறாள். முதலில் அம்மா எழுதியபடி, தொண்ணூற்றெட்டாவது முரசில் போய்ச் சேருகிறாள். தம்பி பிழைக்கிறான்.

எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, காலி மனை ஒண்ணு பாருங்க. அரண்மனைக்கு மார்க்கிங் போடணும்." கயிறு கட்டி, சுண்ணாம்புத்தூள் தூவி, அந்தப்புரமும் முற்றமும் கொலைக்களமும் நிஜ அளவில் தரையில் போட்டோம். கணவர் சாந்துச் சட்டியைக் கவிழ்த்து முரசாக்கினார். அரசி? இதோ, இந்த மீசைதான்!

ஓடினேன். நடுவே ஒரு வெள்ளைக் கோடு. தன் நந்தவனம் பிறர் கண்ணில் படக்கூடாதென்று அரசியே கேட்டு எழுப்பிய சுவர் அது. மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. சுற்றி ஓடினேன். மூலை திரும்புவதற்குள் நூறு முடிந்தது. மறுபடி ஓடினேன், முடிந்தது. செருப்பை வீசிவிட்டு மூன்றாம் முறை ஓடினேன். கொலைக்களத்துக்கு இருபது அடி இருக்கும்போது சட்டி நின்றது.

வெறும் சுண்ணாம்புக் கோடு சபையோரே! தாண்டினால் ஆறே எட்டு. தாண்ட எனக்குக் கால் வரவில்லை. மண்ணில் உட்கார்ந்து அழுதேன். "அம்மா, ஒரு சின்ன வாசல் வைங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினேன். கணவரும், "வெச்சிடேன்" என்றார்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க பொண்ணு பிழைச்சா, மேஸ்திரி. அதனால அந்தச் சுவரைப் பத்தி நம்மளத் தவிர யாருமே கேக்கல. இந்தத் தம்பியும் பிழைச்சிட்டா மோதிரத்தைத்தான் கொண்டாடுவாங்க. சுவரை யாரு கேப்பாங்க?"

எழுபது பக்கங்களைக் கிழித்தார். ஒரு வாசலுக்கு இடம் கொடுக்காமல், ஒரு பொய்க்கு இடம் கொடுக்காமல், அழுதுகொண்டே திருப்பி எழுதினார். அந்த அரசி மூலை திரும்பும் பக்கத்தை நான் பதினோரு முறை படித்துவிட்டேன். ஓடிப் பார்த்தவன் நான், முடிவு தெரிந்தவன் நான். ஆனாலும் ஒவ்வொரு முறையும், இன்று போய்ச் சேர்ந்துவிடுவாள் என்றே படிக்கிறேன்! தாயே, இது என்ன எழுத்து! இந்தக் கையைக் கும்பிடாமல் வேறு எந்தக் கையைக் கும்பிடுவேன்?

தலைவர் மணியடித்துவிட்டார். ஒன்றே ஒன்று.

மேடை ஏறும்போது அம்மா என் காதில் சொன்னார்: "மேஸ்திரி, என் படத்தைப் போட்ட பேனரு பக்கவாட்டு வாசலை மறைக்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விழா முடியட்டும்மா. அழகா இருக்கு." அழகா இருக்கு! யார் பேச்சு அது? அதே உரிமையாளர் பேச்சல்லவா? மூன்று முறை ஓடியும், பதினோரு முறை படித்தும், இந்தப் பாழும் வாயில் அதுதானே வந்தது!

தோழர்களே, பேனர் கயிற்றை அவிழுங்கள். மெதுவாக, அம்மா முகம் மடங்காமல். கதவைத் தள்ளுங்கள். திறக்கிறதா? திறந்துவிட்டது!

அம்மா, இப்போது பாருங்கள். கடைசி வரிசைக்கும் வழி இருக்கிறது. காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. போகும்போது அந்த வாசல் வழியாகவே போங்கள். வணக்கம்.