வரி கொட்டினா முடிஞ்சதுன்னு அர்த்தம்

ஆமாய்யா, நான் எழுதினதுதான். நான் எங்க மறுத்தேன்? வாக்குமூலத்துல எழுதிக்கோங்க. டேட்டாபேஸுக்குள்ளயே இருக்கிற ப்ரொசீஜர், ஒரு சின்ன ப்ரோகிராம் அது. நர்ஸிங் நுழைவுத் தேர்வு எழுதற பொண்ணுங்களுக்கு ஸீட் நம்பர் போடும். பேரோட அரபி எழுத்து வரிசைல, நூறு நூறு பேரா பதிஞ்சுக்கிட்டே போகும். ஒவ்வொரு எழுத்து முடியும்போதும், அலிஃப் முடிஞ்சது, பா முடிஞ்சதுன்னு ஒரு வரி பிரிண்ட் பண்ணும்.

அப்பப்போ தெரியுமாவா? அடடா, எங்க டைரக்டர் வக்தி தோத்தாரு போங்க! தெரியாதுய்யா. எல்லா வரியையும் உள்ளயே சேத்து வச்சிக்கிட்டு, கடைசில மொத்தமா கொட்டும். அதுவரைக்கும் ஸ்கிரீன் காலி.

அந்த மகாராசனுக்குக் காலி ஸ்கிரீனைக் கண்டாலே ஆகாது. செத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னு பதறிக்கிட்டு ஓடி வந்து நிறுத்திடுவாரு. பாதில நிக்கும், நான் மொதல்லேருந்து ஓட்டணும். பதினோரு வருஷம்யா! ஒருநாள் மொத்த ஆபீஸ் முன்னாடியும் கேட்டேன், ஏன் சார், அடுப்புல வேகற ஃபூல் மொச்சையை நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பாப்பீங்களான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பெரிய எழுத்துல எழுதி அவரு மேஜைலயே ஒட்டினேன். வரி கொட்டினா முடிஞ்சது, கொட்டலைன்னா ஓடுது, கை வைக்காதே. எவ்ளோ நல்லவன் பாருங்க நான்.

அன்னிக்கா? அன்னிக்கு அவரு கைவைக்கலய்யா. அதான் கொடுமை. நோன்பு மாசம், ஆபீஸ் மூடற மூணு மணி ஆயிடுச்சு. கையைக் கட்டிக்கிட்டு என் பக்கத்துல பச்சப்புள்ள மாதிரி உக்காந்திருந்தாரு. நான் கத்துக்கொடுத்த பாடமாச்சே!

நான்தான் நிறுத்தினேன். ஆமா, நானேதான். வழக்கமா இருபது நிமிஷம், அன்னிக்கு நாப்பதாச்சு. வீடு இருக்கிற ஷுப்ரா வரைக்கும் போகணும், நோன்பு திறக்கற பாங்குக்குள்ள வீட்ல இருக்கணும், வீட்லேருந்து மூணு தடவ போன். எரிச்சல்ல கை தானா போயிடுச்சு. அமுக்கின அதே நொடி வரியெல்லாம் மடமடன்னு கொட்டுச்சு. அப்பாடா, நான் அமுக்கறதுக்குள்ள அதுவே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். வரி கொட்டினா முடிஞ்சதுதானே? நிறுத்தினாலும், சேத்து வச்சதைக் கொட்டும்யா. பதினோரு வருஷம் பாடம் எடுத்த மேதைக்கு அது மறந்துபோச்சு. கடைசி வரி என்னன்னுகூடப் படிக்கல. முடிஞ்சதா சமீஹ்னு வக்தி கேட்டாரு. முடிஞ்சது சார்னேன். பட்டியலை அச்சடிச்சு அனுப்பிட்டாங்க.

வாவ்ங்கற எழுத்து வரைக்கும்தான் ஓடியிருக்கு. எங்க எழுத்துல அதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணு, யா. தேர்வன்னிக்குக் காலைல கேட் செவுத்துல பட்டியல் ஒட்டினப்போ இருநூத்திப் பன்னெண்டு பொண்ணுங்களுக்கு நம்பர் இல்ல. அவங்கள்ல யாரையும் தேர்வெழுத உள்ள விடல. ஒரு வருஷம் போச்சு.

மேலேருந்து கீழ வரைக்கும் நாலு தடவ படிச்சாளாம் ஒருத்தி. அப்புறம் போன் பண்ணி, பாபா, நீங்க போட்ட பட்டியல்தானே, அப்போ தப்பு என்மேலதான் இருக்கும், நான் ஃபாரத்தைச் சரியா நிரப்பலையோன்னு கேட்டா.

பேரா? யும்னா. அப்பா பேரு மேல முதல் வரிலயே எழுதிட்டீங்களேய்யா, அதேதான்.