தண்ணீர் எப்படி உள்ளே போனது

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். நாய்க்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று சர்வீஸ்காரர் நீங்கள் கேட்பது நியாயம்தான். என் வீட்டுக்காரர் முன்னறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "அவளையே கேளுங்க" என்பார். நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் விடையை மட்டும்தான் சொல்வார், வழிமுறை கிடையாது. அதனால் மகள் இந்த மெஷின் நாயை வாங்கி அனுப்பினாள்.

"அப்பாவுக்குப் பேச்சுத் துணைம்மா."

"அப்ப நான் யாருடி?"

"நீ அம்மா."

நல்ல நாய், குறை சொல்லக் கூடாது. தடவிக்கொடுத்தால் கண்ணில் நீல விளக்கு எரியும். குரல் வந்த பக்கம் தலை திரும்பும். அதட்டினால் காது மடங்கும். முடி கொட்டாது, செருப்பைக் கடிக்காது. எனக்கு அதன்மேல் பொறாமையெல்லாம் இல்லை. பேட்டரி போட்ட சாமான்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

முதல் வாரத்திலேயே அவர் அதைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்றார். சார்ஜ் ஏறிவிட்டதா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறாராம். இருக்கட்டும். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். என்னிடம் அவர் கேட்டதெல்லாம், "சாப்பாடு ஆச்சா?" இரண்டும் ஒன்றுதானே என்று உங்களுக்குத் தோன்றும். தினமும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

சொல்லியும் பார்த்தேன். "அதுக்கு வாயே திறக்காதுங்க."

"அதான் கேட்கிறேன். பாவம், பசின்னா சொல்லத் தெரியாதே."

"நானுந்தான் சொல்றதில்ல."

"உனக்கென்ன, நீ அடுப்படியிலயே இருக்கே."

முதலில் நல்ல வழியில்தான் முயன்றேன். அவர் நடக்கப் போகும் நேரத்தில் நாயின் எதிரே உட்கார்ந்து, அவர் குரலிலேயே "சாப்பிட்டியாம்மா?" என்பேன், மண்டையில் ஒரு குட்டு வைப்பேன். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் என்று உங்கள் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. பத்தே நாளில் பிடித்துக்கொண்டது. அவர் கேட்டதும் காதை மடக்கிக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? மூட்டுவலிக்காரர், தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, பசிக்கலையா? யார்மேல கோபம்? என்மேலயா?" ஒரு கேள்வி இருந்த இடத்தில் மூன்றாகிவிட்டது.

ஆகவே செவ்வாய்க்கிழமை அதைக் குளிப்பாட்டினேன். வெந்நீரில்தான், பச்சைத் தண்ணீரில் முக்க மனசு வரவில்லை. வாளிக்குள் முழுதாக அமுக்கிப் பிடித்தேன். நீல விளக்கு அணைய நாலு நிமிடம் பிடித்தது. பிடித்திருந்த கையைத் தடவல் என்று நினைத்திருக்கும் போல, அதுவரை வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. துவட்டி, காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பழுதாகிவிட்டது என்று அவரும் நம்பி உங்களுக்குப் போன் செய்தார்.

பிறகு நான் பொறுமையாக இருந்தேன். கேட்டுப் பழகிய வாய். கேட்பதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. என்னிடம் வந்துதானே ஆகவேண்டும்?

இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

எனக்குப் பழக்கதோஷம். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதைத்தான் வாளியில முக்கிக் கொன்னுட்டேனே, இன்னும் என்ன கேள்வி?" என்றேன்.

என்னைத்தான் கேட்டிருக்கிறார்.